நெயில் கன்னின் மூக்கு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வேலை செய்வது உண்மையிலேயே ஆபத்தா?

கேள்வி: கொழும்பில் ஒரு பாஸிடம் தச்சு வேலை பழகுகிறேன். வேகமாக அடிக்கலாம் என்று அவர் நெயில் கன்னின் (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) மூக்கிலுள்ள ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார். இதில் ஆபத்து இருக்கிறதா? கையுறை போட்டுக்கொண்டால் போதாதா?

ஆபத்துதான், தம்பி. அந்த ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டும்வரை அந்த நெயில் கன்னைக் கையில் எடுக்காதீர்கள். கையுறை இதற்கு மாற்று ஆகாது. தோல் கையுறையை மெல்லிய ஆணிகூடத் துளைத்துவிடும். தடித்த கையுறை போட்டால் விசையின்மேல் (டிரிகர்) விரல் எப்படி இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாமல் போகும்.

வத்தளையில் எனக்குச் சிறிய பட்டறை இருக்கிறது. பேன்ட்ரி, சுவர் அலுமாரி, சீலிங் என்று வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடி வீடுகளில்தான் பெரும்பாலும் எங்கள் வேலை. உங்களைப்போல மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வேலை பழக வரும் பையன்கள் என்னுடன் இருக்கிறார்கள். அவர்களிடம் முதல் நாளே சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

இந்தக் கருவியில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று விசை, மற்றது மூக்கு, அதாவது நுனியில் மரத்தைத் தொடும் பகுதி. மூக்கு மரத்தில் அழுந்தி உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். மூக்கை எப்போதும் வெளியே தள்ளி வைத்திருப்பதுதான் ஸ்பிரிங்கின் வேலை. அது இல்லாவிட்டால், சீலிங்குக்காக மேல்நோக்கிப் பிடித்த மாத்திரத்தில் மூக்கு தன் பாரத்தாலேயே உள்ளே இறங்கிவிடும். அதன்பிறகு விசையில் விரல் பட்டால் போதும், எதிரே மரம் இருந்தாலும் ஆணி வரும், ஆள் இருந்தாலும் வரும். சோபா வேலைக்கு விற்கும் மலிவான ஸ்டேப்ளர்கள் பலவற்றில் மூக்குப் பூட்டே கிடையாது. அவற்றைப் பூட்டில்லாத கருவி என்று தெரிந்தே, இன்னும் கவனமாகக் கையாள வேண்டும்.

ஸ்பிரிங் இருக்கும் கருவிகள் எல்லாமும் ஒன்றல்ல. சிலவற்றில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மூக்கை மரத்தில் தட்டித் தட்டி ஓட்டலாம். ஒவ்வொரு தட்டலுக்கும் ஓர் ஆணி இறங்கும். வேறு சிலவற்றில் முதலில் மூக்கை அழுத்தி, பிறகுதான் விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது எளிது. தடித்த கழிவு மரத்துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கால்களை விலக்கி நின்று, விசையை முதலில் அழுத்தியபடி மூக்கை மரத்தில் வையுங்கள். ஆணி இறங்கினால் அது தட்டி அடிக்கும் வகை. இறங்காவிட்டால் வரிசைப்படி அடிக்கும் வகை. பழகுபவருக்கு இரண்டாவதுதான் நல்லது.

முதல் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆணி இறங்கும்போது கருவி பின்னுக்கு உதைக்கும். விரல் இன்னும் விசையில்தான் இருக்கும். உதைத்த கருவி திரும்பி மரத்தைத் தொட்டால், நீங்கள் கேட்காத இரண்டாவது ஆணியும் வந்துவிடும். அது முதல் ஆணியின் தலையில் பட்டுத் தெறிக்கலாம், பலகையைப் பிடித்திருக்கும் கையிலும் ஏறலாம். உதையைத் தாங்க வேண்டும் என்று பயந்து கருவியை அழுத்திக்கொண்டு நிற்கும் புதியவர்களிடம்தான் இது அதிகம் நடக்கிறது. ஏணியில் நின்று, உடலைத் திருப்பி, ஒற்றைக் கையால் எட்டி அடிக்கும்போதும் இதே கதைதான்.

இனி உங்கள் பாஸ் சொல்லும் வேகத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் 2011இல் நெயில் கன் பாதுகாப்புக்கென்று ஒரு கையேடு வெளியிட்டன. அனுபவமுள்ள 10 தச்சர்களிடம் இரண்டு வகைக் கருவிகளையும் கொடுத்து ஒரே அளவான சிறிய மரக்கட்டடங்களைக் கட்டவைத்த ஆய்வு ஒன்றை அது எடுத்துச் சொல்கிறது. தட்டி அடிக்கும் வகையில் ஆணி அடிக்கும் நேரம் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. ஆனால் கட்டி முடிக்க ஆன மொத்த நேரத்தில் அந்த மிச்சம் 1 சதவீதத்துக்கும் குறைவு. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: அளப்பதிலும் வெட்டுவதிலும் மட்டம் பார்ப்பதிலும் பலகையைத் தூக்கிப் பிடிப்பதிலும்தான் தச்சு வேலையின் நேரம் போகிறது. அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான மிச்சத்துக்காக, காயப்படும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்றும் அதே கையேடு சொல்கிறது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை நெயில் கன் காயத்துடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர். பாதிக்கு மேற்பட்ட காயங்கள் கையிலும் விரலிலும்தான். அந்தக் கைக் காயங்களில் நான்கில் ஒன்றில் தசைநாண், மூட்டு, நரம்பு, எலும்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேதமாகியிருந்தது. விரல் மடங்காவிட்டால் தச்சனுக்கு என்ன மிச்சம்?

சதுர அடிக்கு இவ்வளவு என்று கொந்தராத்து எடுத்தவருக்கு நேரம் எவ்வளவு பெரிய நெருக்கடி என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வேலை எடுக்கிறேன். அந்த நெருக்கடியை வேலை பழகும் பையனின் கையில் இறக்கிவைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

வேறொருவர் நடத்திய வேலைத்தளத்தில், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு கையில் நெயில் கன், விரல் விசையில். மூக்கு முழங்காலில் தட்டியது, ஆணி முழுதாக உள்ளே போய்விட்டது. வெளியில் தெரிந்தது ஒரு சிறு புள்ளியும் ஒரு துளி இரத்தமும்தான். அங்கேயே குறட்டால் ஆணியைப் பிடுங்கி, பிளாஸ்டர் ஒட்டி, மறுநாளும் அவனை வேலைக்கு நிறுத்தினார்கள். சில நாட்களில் முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனான். மூட்டுக்குள் கிருமி போயிருந்தது. சத்திரசிகிச்சை செய்து கழுவ வேண்டியதாயிற்று. இன்றும் அவனால் குந்தியிருந்து வேலை செய்ய முடிவதில்லை. அவனுக்குச் செய்தது கொடுமை என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே ஆணி ஏறிவிட்டால் பிடுங்க வேண்டாம். கருவிக்குள் போடும் ஆணிப் பட்டையில் ஆணிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசையும் கம்பித் துணுக்கும் ஆணியோடு உள்ளே போயிருக்கும். இழுக்கும்போது அவை முள்போல மாட்டி மேலும் கிழிக்கும். அந்த இடத்தை அசைக்காமல் சுற்றித் துணி வைத்துக் கட்டுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் வரும். கொழும்புக்குள் என்றால் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்கே போய்விடுங்கள். அதே பட்டையிலிருந்து ஓர் ஆணியைக் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கும். புள்ளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எக்ஸ்-றே எடுக்கவும் ஏற்புவலி ஊசி பற்றியும் கேளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு கடதாசிக் கோப்பையால் மூடிக்கொண்டு கண் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

எங்கள் வேலையில் நான் அதிகம் பயப்படுவது பழைய மரத்துக்குத்தான். பழைய வீடுகளை உடைத்து எடுத்த தேக்கும் முதிரையும் கொழும்பில் நிறையக் கிடைக்கின்றன. அருமையான மரம். ஆனால் உள்ளே தலை உடைந்த பழைய ஆணிகள் புதைந்து கிடக்கும். அதன்மேல் புதிய ஆணி பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு, துளை போட்டுத் திருகாணி முடுக்குவதே மேல். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் அடிக்கும்போதும் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். ஆகவே பிடித்திருக்கும் கை, ஆணியின் நீளத்தைவிட நன்றாகத் தள்ளியே இருக்க வேண்டும். பெரிய மரச்சட்ட வேலைக்கு 12 அங்குலம் தள்ளிப் பிடிக்கச் சொல்கிறார்கள். சிறிய துண்டென்றால் கையை எடுத்துவிட்டுக் கிளாம்ப் போடுங்கள்.

ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள், பிறகுதான் மூக்கைத் திறக்க வேண்டும். ஏணி ஏறும்போதும், அடுத்தவரிடம் கொடுக்கும்போதும் இதேதான். ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அடைப்பு வால்வு உள்ள இணைப்பு குழாயின் பக்கம்தான் இருக்க வேண்டும். அதைக் கருவியின் பக்கம் பூட்டிவிட்டால், குழாயைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று தங்கி இன்னும் ஓர் ஆணியை அடிக்கும். கொம்பிரசர் பழுதானால் வெல்டிங் வேலைக்கு வந்த ஒட்சிசன் சிலிண்டரை மாட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒருபோதும் கூடாது, கருவி கையிலேயே வெடிக்கும். கண்ணாடியும் காது அடைப்பானும் போடுங்கள். றப்பர் செருப்போடு வேலைத்தளத்தில் நிற்காதீர்கள். மெல்லிய தடுப்பில் அடிக்கும்போது மறுபக்கம் யாராவது இருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள்.

பாஸிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். வேலை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், "அண்ணா, அந்த ஸ்பிரிங்கைப் பூட்டித் தாருங்கள், அது இல்லாமல் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று நேராகவே சொல்லுங்கள். ஸ்பிரிங் தொலைந்துபோயிருந்தால் பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் விசாரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் பங்குக்குச் சுத்தியலும் திருகாணியும் கேளுங்கள். அதையும் மறுக்கும் பாஸிடம் பழகத் தேவையில்லை, நல்ல பாஸ்மார் மொறட்டுவையிலும் கொழும்பிலும் நிறைய இருக்கிறார்கள்.

இன்னொன்று. வேலையில் ஏற்படும் காயத்துக்கு வேலை கொடுத்தவர் நட்டஈடு தர வேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நாட்கூலியாக இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் போய் விசாரித்தால் வழி சொல்வார்கள். நீங்கள் அவரிடம் வேலை செய்ததற்குச் சான்று வேண்டியிருக்கும். ஆகவே சம்பளம் வாங்கிய நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வேலைக்கு வரச் சொல்லி அவர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.