பிறந்தநாள் விருந்தின் பழமை

கேள்வி: பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் எப்போது தோன்றியது? தொடக்கத்தில் அது அரசர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததா?

பதில்: இன்ன ஆண்டு, இன்ன ஊர் என்று சுட்ட முடியாத அளவுக்குப் பழைய வழக்கம் இது. எகிப்திய மன்னன் ஒருவன் தன் பிறந்தநாளில் பணியாளர்களுக்கு விருந்தளித்ததை விவிலியத்தின் ஆதியாகமம் குறிப்பிடுகிறது. ஆயினும், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பாரசீகர்கள் மற்றெல்லா நாட்களையும்விடப் பிறந்தநாளையே பெரிதாகப் போற்றினார்கள் என்றும், செல்வர்கள் மாடு, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றை முழுதாகச் சுட்டு விருந்து வைக்க, ஏழைகள் சிறிய கால்நடைகளைச் சமைத்தார்கள் என்றும் எழுதியிருப்பதால், அதை அரசர்களின் தனியுரிமை என்று கொள்வதற்கில்லை.

என்னை மிகவும் நெகிழச் செய்யும் சான்று, வட இங்கிலாந்தின் விந்தோலாண்டா என்னும் ரோமானியக் கோட்டையில் கிடைத்த மெல்லிய மர ஏடு ஒன்றே. ஏறத்தாழ கி.பி. 100-இல், கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவியான தன் தோழி சுல்பிசியா லெபிடினாவை, செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு அழைத்து அனுப்பிய கடிதம் அது. எழுத்தர் நேர்த்தியாக எழுதி முடித்த அழைப்பின் கீழே, தங்கையே, உனக்காகக் காத்திருப்பேன் என்ற பொருளில், பழக்கமில்லாத எழுத்தில் அவரே தம் கைப்படச் சில வரிகளைச் சேர்த்திருக்கிறார். பெண்ணொருவர் எழுதியதாகக் கிடைத்துள்ள லத்தீன் கையெழுத்துகளுள் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

கேக்கும் மெழுகுவர்த்தியும் மிகவும் பிற்காலத்தவை. 1746-இல் ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் பிறந்தநாளுக்குச் செய்த பெரிய கேக்கில், வயதுக்கு ஒன்றாகத் துளையிட்டு மெழுகுவர்த்திகளை நட்டிருந்ததாக ஒரு குறிப்பு உண்டு.