ஃபேமிலி தெரபி படிக்க 401கே பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறோம், கிரீன் கார்டு வந்துவிட்டது. எனக்கு 38 வயது, இந்தியாவில் மூன்று வருட பி.காம். படித்தேன். மேரேஜ் அண்ட் ஃபேமிலி தெரபியில் மாஸ்டர்ஸ் செய்து தெரபிஸ்ட் ஆக ஆசை. கணவரின் ஆண்டு வருமானம் 1,65,000 டாலர், சேமிப்பு 40,000 டாலர். பற்றாக்குறைக்கு அவருடைய 401கே-யிலிருந்து (அலுவலகம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: 401கே-யைத் தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும். உயர்கல்விச் செலவுக்கு அபராதம் கிடையாது என்பது நாமே தனியாகத் தொடங்கும் ஓய்வுக்காலச் சேமிப்பான ஐஆர்ஏ கணக்குக்குத்தான், 401கே-க்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டுபவர்கள் நிறைய.

ஆனால் நீங்கள் ட்யூஷனை மட்டும்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், என் கவலை பட்டம் வாங்கிய பிறகு வரும் வருடங்களைப் பற்றி. கலிபோர்னியாவில் உரிமம் தரும் வாரியமான பிபிஎஸ் கேட்பது 60 செமஸ்டர் யூனிட் கொண்ட மாஸ்டர்ஸ், படிக்கும்போதே களப்பயிற்சி (பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்), அதன்பின் மேற்பார்வையில் 3,000 மணி நேர வேலை, அதுவும் 104 வாரங்களுக்குக் குறையக் கூடாது, பிறகு இரண்டு தேர்வுகள். படிக்கும் காலத்தில் செய்ததில் 1,300 மணி நேரம் வரை இந்த 3,000-த்தில் சேரும், அதனால் களப்பயிற்சி இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். முழு உரிமம் கைக்கு வர ஐந்தாறு வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அசோசியேட்டாக, அதாவது பட்டம் முடித்து மேற்பார்வையில் வேலை செய்பவராக இருக்கும்போது சம்பளம் குறைவு, சில இடங்களில் வாலன்டியராகத்தான் எடுப்பார்கள். யாராவது 1099-இல், அதாவது சம்பள ஊழியராக இல்லாமல் கான்ட்ராக்டராக வேலை தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த மணி நேரங்களை வாரியம் ஏற்காது. பட்டம் கிடைத்த 90 நாளுக்குள் அசோசியேட் பதிவுக்கு விண்ணப்பிப்பதும் முக்கியம், தவறவிட்டால் பதிவு எண் வரும்வரை செய்த வேலை கணக்கில் சேராமல் போகும்.

ஆகவே அந்த 40,000-ஐ ஃபீஸுக்குக் கொட்டிவிடாமல், பாதியையாவது இந்த வருடங்களுக்கு வைத்திருங்கள். ஃபீஸுக்கு அரசுக் கடன் வாங்கலாம், கிரீன் கார்டு இருப்பதால் தகுதி உண்டு. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்புக்கான கூடுதல் அரசுக் கடன் கிடையாது, இந்த மாதிரிப் படிப்புக்கு வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பதே வரம்பு. அதற்கு மேல் போகும் கல்லூரியென்றால் தனியார் கடன்தான் வழி, அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள் என்பேன். சாதாரண அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் கிடைப்பது அதே உரிமம்தான், கல்லூரிப் பெயருக்காக அசோசியேட் சம்பளத்தில் வட்டி கட்டுவது கொடுமை. படிப்பு முடிந்து அரசு அல்லது லாப நோக்கமற்ற இடத்தில் முழுநேரமாக வேலை செய்தால், 120 தவணைகள் கட்டியபின் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும், தனியார் கடனுக்கு அது கிடையாது.

படிப்புச் செலவுக்கான வரிச் சலுகையான லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டையும் கேட்டு வாங்குங்கள். வருடத்துக்கு அதிகபட்சம் 2,000 டாலர் வரி குறையும், ஆனால் சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு வருமானம் 1,60,000-த்தைத் தாண்டியதும் குறைய ஆரம்பித்து 1,80,000-த்தில் நின்றுவிடும். உங்களுக்கு ஒரு பகுதிதான் தேறும்.

இதெல்லாம் சரி, எங்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் உங்கள் பி.காம். சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். மூன்று வருடப் பட்டத்தை இங்குள்ள நாலு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொள்வதில்லை. எம்.காம். மாதிரி மேற்படிப்பு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.