மகள் ஓராண்டு அமெரிக்கா போகிறாள்: பெட்டியை எப்போது கட்டுவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா போகிறாள். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஓராண்டு படிக்க வேண்டும். 11 வயதில் மலேசியா போனபோது எடுத்த பாஸ்போர்ட் இருக்கிறது. நாங்கள் சைவம். நியூஜெர்சியில் என் தம்பி இருக்கிறான். அவன் வீட்டிலேயே தங்க முடியாதா? என்னென்ன வாங்கிப் பெட்டியில் வைப்பது என்று ஒரு பட்டியல் தாருங்கள். தினமும் அவளோடு பேச முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெட்டி கட்ட இரண்டு நாள் போதும். இத்தனை ஆண்டுகளில் பெட்டி சரியில்லாமல் பயணம் தடைப்பட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெயரால் தடைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியால் முதல் வாரம் பள்ளிக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டியலைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்த மலேசியா பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறார் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து ஆண்டுதான். 11 வயதில் எடுத்தது 16 வயதில் முடிந்துவிடும்; அதாவது உங்கள் மகள் ஒஹாயோவில் இருக்கும்போது. இப்போதே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 15 வயது முடிந்தவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: 18 வயது வரை செல்லும் பாஸ்போர்ட், அல்லது முழுப் பத்தாண்டு பாஸ்போர்ட். முன்னதற்கு 1,000 ரூபாய், பின்னதற்கு 1,500. ஐந்நூறு ரூபாயைப் பார்க்காமல் பத்தாண்டையே எடுங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் இணைப்பு 'டி' படிவத்தை மறக்க வேண்டாம்.

மறுவெளியீட்டின்போதே பெயரையும் தீர்த்துவிடுங்கள். நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் ஒன்று, முன்னால் ஓர் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் 'செ. கயல்விழி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு 'கயல்விழி' என்று மட்டும் எழுதினால், அமெரிக்க விசாவில் அந்தக் கயல்விழி குடும்பப் பெயராக ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று மூன்று எழுத்து விழும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. அதையே பெயர் என்று நினைத்துப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றி, பிள்ளையை 'ஃப்னூ' என்று கூப்பிட்ட கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதுங்கள். சில இடங்களில் அவளைச் 'செல்வராஜ்' என்று கூப்பிடுவார்கள். அப்பாவைத்தான் யாரோ தேடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடாமல் கையைத் தூக்கச் சொல்லிக்கொடுங்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

அதே தலைமையாசிரியரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்காவில் படிக்கும் அந்த ஓராண்டு இங்கே பிளஸ் ஒன் கணக்கில் சேராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். திரும்பி வந்ததும் எந்த வகுப்பில், எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பினால், அடுத்த ஆண்டு வேறொரு தலைமையாசிரியர் அந்த நாற்காலியில் இருப்பார்.

இனி ஊசி. இதற்குத்தான் மாதக்கணக்கில் அவகாசம் தேவை. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குப் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி. அமெரிக்கப் பள்ளிகள் கேட்பது பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர், இரண்டு தவணை. சின்னம்மைக்கும் இரண்டு தவணை கேட்பார்கள். அது நம் அரசுத் திட்டத்திலேயே இல்லை. 'அவளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே அம்மை போட்டுவிட்டதே' என்பீர்கள். வாசலில் வேப்பிலை கட்டியதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லையே! ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது ஊசி போட வேண்டும். இவற்றோடு ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, போலியோ, பதின்ம வயதில் போடும் டிடாப் (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான ஊசி), மூளைக்காய்ச்சலுக்கான மெனிஞ்சோகாக்கல் ஊசி என்று பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோ பள்ளியின் பட்டியலைத் திட்ட அமைப்பிடம் கேட்டு வாங்கி, குழந்தைநல மருத்துவர் முன் வைத்துவிடுங்கள். இரண்டு தவணைகளுக்கு நடுவே நான்கு வாரம் இடைவெளி வேண்டும் என்பதால் ஜூலையில் ஆரம்பித்தால் முடியாது.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். அங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பிறந்ததும் பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குக் கையில் குத்திப் பார்க்கும் மாண்டூ சோதனை, நோய்க்கிருமி இல்லாவிட்டாலும் வீங்கிக் காட்டலாம். உடனே எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். 'இக்ரா' என்கிற ரத்தப் பரிசோதனையைப் பிசிஜி குழப்பாது. அதை ஏற்றுக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எந்தச் சோதனையானாலும், எம்எம்ஆர் போடும் அன்றோ அதற்கு முன்போ செய்துவிட வேண்டும். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பரிமாற்ற மாணவர்களுக்குத் தரும் ஜே-1 விசாவின் விதிப்படி ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் வரை காப்பீடு இருக்கும். ஆனால் சொத்தைப் பல்லும் மூக்குக்கண்ணாடியும் பெரும்பாலும் அதற்குள் வராது. கண்ணாடி இரண்டு ஜோடி கொடுத்தனுப்புங்கள்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகள் திட்டத்தில் சேர்ந்ததற்குச் சான்றாக அமைப்பு அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் வந்த பிறகு, செவிஸ் என்கிற அமெரிக்க அரசின் மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம் 220 டாலர் கட்டி, டிஎஸ்-160 என்கிற இணையவழி விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதில் ஐந்தாண்டுச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். ஜே விசா கேட்போர் அந்தக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்திருக்கிறார்கள். மகளோடு உட்கார்ந்து ஒருமுறை அவற்றைப் பாருங்கள். சென்னையில் கைரேகைக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்தருகே துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள். பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஏன் போகிறாய், வந்து என்ன செய்வாய் என்ற கேள்விகளுக்கு அவளுக்கே பதில் தெரியும். திக்கித் திணறிச் சொன்னாலும் அது அவள் பதிலாக இருக்கட்டும்.

தம்பி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முடியாது. உறவினர் வீட்டில் மாணவரைத் தங்கவைக்கக் கூடாது என்பது இந்தத் திட்டத்தின் விதி. நீங்கள் மனம் கோணுவீர்கள், ஆனால் எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. மாமா வீட்டில் இருந்தால் காலையில் இட்லி, மாலையில் தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர், திண்டுக்கல்லிலேயே இருந்திருக்கலாம். அவளை ஏற்கும் குடும்பம் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவள் அங்கே விடுதி மாணவியல்ல, அந்த வீட்டுப் பிள்ளை. பாத்திரம் எடுத்துவைப்பதும் குப்பையை வெளியே வைப்பதும் அவள் முறைக்கு வரும். விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போவதென்றால், அமைப்பையும் குடும்பத்தையும் கேட்டுக்கொண்டு போகலாம்.

அந்த வீட்டில் அவளுக்கு முதல் சங்கடம் சாப்பாட்டு மேசையில் வரும். நம் வீடுகளில் விருந்தாளி முதலில் 'வேண்டாம்' என்பார்; 'அட, இன்னும் ஒன்று' என்று இலையில் வைப்போம்; மூன்றாவது முறைதான் அந்த 'வேண்டாம்' உண்மையாகும். அங்கே முதல் முறை 'வேண்டாம்' என்றால் தட்டு அடுத்தவரிடம் போய்விடும். கூச்சத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் பசியோடு அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர்! இன்னொன்று, நம் தலையாட்டல். பக்கவாட்டில் நாம் தலையை அசைப்பது நமக்குச் சம்மதம், அவர்களுக்கு மறுப்பு. வாயால் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்று மாதமும் வீட்டிலேயே பழகட்டும்: இரண்டாவது தோசை வேண்டுமானால் கேட்டால்தான் வரும் என்று வையுங்கள்.

'சைவம்' என்று எழுதினால் அங்கே முட்டையும் அதில் அடங்கும். காய்கறி சூப் கோழிச் சாற்றில் கொதித்திருக்கும். மார்ஷ்மெல்லோ மிட்டாயில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். எதையெல்லாம் சாப்பிடுவாள், எதைச் சாப்பிட மாட்டாள் என்று அவளே அந்த வீட்டம்மாவுக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் எழுதாதீர்கள். அப்படியே அவர்களை எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்டுவிடட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட நா எழாமல், இரண்டு மாதம் யாரையும் எப்படியும் கூப்பிடாமலே காலம் தள்ளிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும். எதிரே வந்து நின்று செருமுவானாம்.

குளியலறைக்கும் ஒரு பாடம் உண்டு. தொட்டிக்கு மேலே தொங்கும் திரைச்சீலையின் அடி, குளிக்கும்போது தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே விட்டால் தண்ணீர் தரையில் இறங்கும். நம் வீட்டுக் குளியலறைபோல அந்தத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது; பெரும்பாலும் மரத்தளம். மாடியில் ஒரு பிள்ளை குளித்து, கீழே கூடத்தின் மேற்கூரையில் ஈரம் படர்ந்து நின்றது எனக்குத் தெரிந்தே நடந்தது.

சரி, பெட்டி. நோட்டரி கையெழுத்திட்ட பெற்றோர் சம்மதக் கடிதம், டிஎஸ்-2019, தடுப்பூசிச் சான்று, அந்தக் குடும்பத்தின் முகவரி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான். பெரிய பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். மாத்திரைகள் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய் பெரிய பெட்டியில் போகலாம். கறிவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் அமெரிக்காவில் தடை. அரிசிக்கும் தடை உண்டு. எது கொண்டுபோனாலும் சுங்கச் சோதனையில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம். பல வழித்தடங்களில் பெட்டி நேரே ஒஹாயோவுக்குப் போகாது. முதல் அமெரிக்க விமான நிலையத்தில் அதை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். நடுவில் குறைந்தது மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும்.

கொடைக்கானலில் ஸ்வெட்டர் வாங்கிக் குவிக்காதீர்கள். ஒஹாயோ ஜனவரிக்கு அது பனியன் மாதிரி. ஒன்று போதும், குளிர்கோட்டு அங்கே பழைய துணிக்கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் வாயகன்ற டப்பாவில் கொடுங்கள். தலையணை உறை ஒன்று கூடுதலாக வைத்தால் அந்த வீட்டு உறையில் எண்ணெய்க் கறை படியாது. பரிசுப்பொருளுக்கு ஊரைவிட்டு எங்கும் அலைய வேண்டாம். உங்கள் ஊரில் கையால் செய்த பூட்டு ஒன்று வாங்குங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதை அவளே சொல்லித் திறந்து காட்டட்டும். மேசையில் பேச அவளுக்கு ஒரு கதையும் கிடைக்கும்.

தினமும் பேச வேண்டாம். முதல் வாரம் பேசுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. தினமும் இங்கே மனத்தை வைத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே கால் ஊன்றாது. அழுது அழைத்தால் கேளுங்கள். உடனே தம்பியை அனுப்பாதீர்கள். அவளுக்கென்று ஓர் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார், மாதம் ஒருமுறையாவது அவளோடு பேச வேண்டியது அவர் பொறுப்பு. வீட்டில் யாராவது அவளுக்குப் பிடிக்காத விதத்தில் நடந்துகொண்டால் மட்டும் மாதக் கணக்கு பார்க்காமல் அன்றே அவரிடமும் உங்களிடமும் சொல்ல வேண்டும். 'என்ன சொன்னாலும் உன்னைத் திட்ட மாட்டோம்' என்று கிளம்பும் முன்பே, அப்பாவும் கூட இருக்கும்போது சொல்லிவையுங்கள்.

அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி, இங்கே ஞாயிறு காலை ஐந்தரை. நீங்கள் வாசல் தெளிக்கும் நேரம். நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அடுத்த வாரம் அழைப்பு ஆறரைக்குத்தான் வரும். ஐந்தே முக்காலுக்கே தம்பிக்குப் போன் போட்டுப் பதறாதீர்கள்.