மட்டக்களப்பில இருந்து பதுளைக்கு சைக்கிள்ல போக ஏலுமா? கியர் இல்லாத சைக்கிள் காணுமா?

கேட்டவர் ஏறாவூர்ப் பக்கத்து ஆள் போல. கையில இருக்கிறது கியர் இல்லாத பழைய லுமாலா ஒண்டு, அதில பதுளை மட்டும் போக ஏலுமா, ஏத்தம் தாங்குமா, ஆனை நிக்குமா எண்டு கேட்டிரிக்கார். ஏலும். நான் அந்த றோட்டால மூண்டு தரம் போயிரிக்கன், மூண்டும் கியர் இல்லாத சைக்கிள்லதான். முதல் தரம் போனத நினைச்சா இப்பவும் வெக்கமா இரிக்கு, ஆனா சொல்லப் போறதுல முக்காவாசி அதில படிச்சதுதான்.

முதல் ஒண்டு சொல்லிட்டு வாறன். மட்டக்களப்பாருக்கு ஏத்தம் எண்டா கல்லடிப் பாலம்தான், அதுக்கு மேல நாம ஏறிப் பழகல்ல, அதனால பதுளை எண்டதும் எல்லாரும் மலையப் பத்தித்தான் கேக்கிறாங்க. மலை ஒண்டும் செய்யாது. ஏலாட்டி இறங்கி உருட்டலாம், உருட்டுறதுல ஒரு மானக்கேடும் இல்ல, நிழல் இரிக்கு, குளிர் இரிக்கு, வளைவுக்கு வளைவு தண்ணி ஓடுது. பயப்பட வேண்டியது மலைக்கு முன்னால கிடக்கிற காட்டுக்கு. புல்லுமலையில இருந்து மகா ஓயா, அங்கால பிபிலை, இந்தத் துண்டுதான் ஆளக் கொல்லும்.

றோட்டு தெரியாதவங்களுக்கு: பேராதனையில தொடங்கி நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா எல்லாம் சுத்தி செங்கலடியில வந்து முடியிற ஏ5 தான் இது, நாம சொல்ற பதுளை றோட்டு. டவுனில இருந்து செங்கலடிக்கு 15 கிலோமீற்றர் போல, செங்கலடியில கிறுகினா மகா ஓயாவுக்கு இன்னும் 50 சொச்சம். மகா ஓயா - பிபிலை 40 போல. அதுக்குப் பிறகுதான் ஏத்தம். அப்பா ஆக்கள்ர காலத்தில யுத்தத்தால இந்த றோட்டால போறத யோசிச்சும் பாத்திருக்க மாட்டாங்க, 2007க்குப் பிறகுதான் சனம் கொஞ்சம் நிம்மதியா போய் வரத் தொடங்கின. இப்ப றோட்டு நல்ல கார்ப்பெட்.

சரி, என்ட முதல் பயணம். நானும் என்ட மச்சானும். ஜூன் கடைசி. அதுதான் முதல் பிழை. அந்த மாசம் கச்சான் அடிக்கும் எண்டு மட்டக்களப்பில பிறந்த எல்லாருக்கும் தெரியும், ஆனா கச்சான் எங்க இருந்து வருது எண்டு நாங்க ரெண்டு பேரும் யோசிக்கல்ல. அது தென்மேற்கால வாற காத்து, மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு வெறும் சூட்டோட இஞ்சால இறங்கும். நாம போறதும் நேர அந்தப் பக்கம்தான். கரடியனாறு தாண்டினதில இருந்து ஆரோ நெஞ்சில கைய வச்சித் தள்ளுற மாதிரி, சமன் றோட்டுலயும் எழும்பி நிண்டு மிதிக்க வேண்டி வந்திட்டு. இதில இன்னொரு விசயம், அதே வறண்ட காத்துதான் ஜூலை ஆகஸ்ட்ல ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தக் குடுக்கிறது, அந்தப் பருவத்துத் தூளுக்குத்தான் விலை கூட. நமக்கு உதடு வெடிப்பு மட்டும்தான் மிச்சம்.

ரெண்டாவது பிழை தண்ணி. ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல். உறுகாமம் குளத்துக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுத்து, மாடு றோட்டக் கடக்கு எண்டு காவல் நிண்டு (அந்தப் பக்கம் மாடு நூறு நூறா வரும், ஹோர்ன் அடிச்சாலும் விலகாது, நிண்டு பாத்துட்டு ஆறுதலாத்தான் போகும்), புல்லுமலைக்கு வரக்குள்ளயே மத்தியானம் தாண்டிட்டு, போத்தலும் முடிஞ்சிட்டு. அங்கால கடை கண்ணி குறைவு. மறுகா மச்சான்ட பின் ரியூப் வேற போயிட்டு. ஒட்டுப் போடுற சாமான் இருந்த, சொலுசன் ரியூப்பத் திறந்து பாத்தா காஞ்சி கல்லாக் கிடக்கு. வருசக்கணக்கா தட்டுக்குள்ள கிடந்தத அப்பிடியே தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது நான்தான்.

உருட்டிக்கொண்டு போனம். பின்னேரம் அஞ்சு மணிக்குக் கிட்ட ஒரு வளைவில மச்சான் நிண்டுட்டான். றோட்டுக்கு நடுவில இலத்தி, ஈரமா, ஆவி பறக்கு. பக்கத்து மரத்தில கொப்பு முறிஞ்சி பச்சையாத் தொங்குது. ஆனையக் காணல்ல, ஆனா மணம் வருது, அந்த மணத்த எழுத்தில சொல்ல ஏலாது, ஒருக்கா மணந்தா தெரியும். அந்த நேரம் பின்னால லேண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டின கை ட்ரக்டர்) ஒண்டு வந்த, சேனைப் பயிர் செய்யிற இடத்தில இருந்து வாற ஒரு சிங்களத்து ஐயா, எங்களப் பாத்ததும் எஞ்சின நிப்பாட்டாமலே "அலி இன்னவா, நகின்ட நகின்ட" (ஆனை நிக்கிது, ஏறுங்க ஏறுங்க) எண்டு கத்தினார். சைக்கிள் ரெண்டையும் பெட்டிக்குள்ள எறிஞ்சிட்டு ஏறினம். மகா ஓயா மட்டும் கொண்டு வந்து விட்டார், காசு நீட்டினதுக்கு ஏசினார். நல்லா ஏசினார். பாதி விளங்கல்ல, விளங்கின பாதியே காணும்.

ஆனை விசயத்தில சைக்கிள்காரன் யோசிக்க வேண்டியது இதுதான்: சைக்கிள்ல சத்தம் இல்ல. பஸ், லொறி எண்டா ஆனைக்குத் தூரத்திலயே தெரியும், விலகி நிக்கும் இல்லாட்டி தயாரா நிக்கும். நாம வளைவால சத்தமில்லாம போய் திடீரெண்டு முன்னால நிண்டா அதுக்கும் திடுக்கிடும், நமக்கும் திடுக்கிடும், அதில தப்புறது ஆரெண்டு சொல்லத் தேவையில்ல. அதனால காலையில ஏழு மணிக்கு முதல் காட்டுத் துண்டுக்குள்ள போகாதீங்க, பின்னேரம் நாலுக்கு முதல் வெளிய வந்திடுங்க. கண் தெரியாத வளைவெண்டா மணி அடிச்சிக்கொண்டு போங்க. புது இலத்தி கண்டா நிண்டு, ஒரு லொறியோ டிப்பரோ வரும் மட்டும் பொறுத்து, அதுக்குப் பின்னால போங்க. எதிரே வாற பஸ் டிரைவர் லைட் அடிச்சிக் கையக் காட்டினா அது சும்மா இல்ல. டவுனில இருந்து வெளிக்கிடுறவங்க நாலரைக்கு எழும்பி ஓடலாம், ஆனா செங்கலடியில தேத்தண்ணி ஒண்டு குடிச்சி வெளிச்சம் வந்த பிறகு கிறுகுங்க. தண்ணி ஆளுக்கு நாலு லீற்றர். கூட எண்டு நினைக்காதீங்க.

மகா ஓயாவில ஒரு இரவு கட்டாயம் தங்குங்க. டவுனுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு வெந்நீர் ஊத்து இரிக்கு, திருகோணமலைக் கன்னியா மாதிரித்தான், ஆனா சூடு அத விடக் கூட. சில கிணத்தில கை வைக்கவே ஏலாது, ஆறின கிணத்துத் தண்ணிய அள்ளிக் கால்ல ஊத்தினா அண்டைக்கு மிதிச்சதெல்லாம் இறங்கின மாதிரி இரிக்கும்.

இப்ப சைக்கிள். கியர் தேவையில்ல, ஆனா பின்னுக்கு இருக்கிற பிறீவீல (செயின் ஓடுற பல்லுச் சக்கரம்) மாத்துங்க. சாதாரணமா 18 பல்லு வரும், அதக் கழட்டி 22 பல்லு போடுங்க, செயினுக்கு ரெண்டு கண்ணி கூட்ட வேண்டி வரும், சைக்கிள் கடையில அரை மணித்தியால வேலை. முன் சக்கரத்தில 44 பல்லு எண்டா ஒரு மிதிக்குச் சில்லு ரெண்டு சுத்துத்தான் சுத்தும், முதல் ரெண்டரைக்குக் கிட்ட சுத்தினது. அந்த அரைச் சுத்துத்தான் பிபிலைக்கு அங்கால உங்களக் காப்பாத்தும். சாமான முதுகில தூக்காதீங்க, கரியல்ல ரெண்டு பக்கமும் சமனாத் தொங்கவிட்டுக் கட்டுங்க. பிறேக் கட்டை நாலும் புதுசு.

பிபிலையில தோடம்பழம் வாங்கி வச்சிக்கொள்ளுங்க, அங்கத்தைப் பழத்துக்கு நல்ல பேர். லுணுகலை ஏத்தத்தில நான் பாதி மிதிச்சி பாதி உருட்டினன். ஏற ஏற ஒரு இடத்தில திடீரெண்டு காத்தே மாறும், வேர்வை குளிரும், பிறகு தேயிலை தொடங்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர்ர வீட்டு வரிசை) பக்கம் ஒரு அம்மா "சாயம் குடிக்கிறீங்களா தம்பி" எண்டு கேக்க நான் பெயின்ற் ஏதோ எண்டு முழிச்சிட்டு நிண்டன். நம்மட பிளேன்டீதான். மட்டக்களப்பில இருந்து சைக்கிள்ல வந்த எண்டதும் லயத்துப் புள்ளைகள் எல்லாம் வந்து சைக்கிளச் சுத்திப் பாத்ததுகள், கியர் எங்க எண்டு தேடினதுகள்.

லுணுகலை - பசறை றோட்டுல கவனம். ஒரு பக்கம் மலை, மத்தப் பக்கம் பள்ளம், 2021 மார்ச்சில பஸ் விழுந்து கன பேர் செத்த 13ஆம் கட்டை (மைல் கல்) இதிலதான் இரிக்கு. பஸ் வந்தா மலைப் பக்கமா ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீங்க. பசறையில வானம் தெளிவா இருந்தா நமுனுகுல தெரியும், 2036 மீற்றர், ஒம்பது சிகரம் எண்டதுதான் பேருக்குக் கருத்து. நான் எண்ணிப் பாத்தன், ஆறுக்கு மேல எண்ண முகில் விடல்ல.

இறக்கத்தில பிறேக்க இழுத்துப் பிடிச்சபடியே வராதீங்க. ரிம் சூடாகி உள்ளுக்கு ரியூப்ல போட்ட ஒட்டுக் கழரும், எனக்குக் கழண்டது. கொஞ்சம் பிடி, விடு, முன்னும் பின்னும் மாத்தி மாத்தி, இடையில நிண்டு ரிம்மத் தொட்டுப் பாருங்க, விரல் சுட்டா பத்து நிமிசம் காட்சியப் பாருங்க.

முதல் தரம் எண்டா மூண்டு நாள் வைங்க: மகா ஓயா, லுணுகலை, பதுளை. மாசம் எண்டா பெப்ரவரி கடைசி, மார்ச். நவம்பர், டிசம்பர்ல நமக்கும் மழை, அங்கயும் மழை. ஏப்ரல்ல பின்னேரம் இடி. கச்சான் மாசத்திலதான் லீவு கிடைக்கும் எண்டா பஸ்ல சைக்கிளப் போட்டுப் பதுளைக்குப் போய் அங்க இருந்து இஞ்சால ஓடி வாங்க, இறக்கமும் காத்தும் ரெண்டும் உங்க பக்கம். மூண்டாவது தரம் அப்பிடித்தான் செஞ்சன், மகா ஓயாவில இருந்து செங்கலடிக்கு மூண்டு மணித்தியாலம் கூட எடுக்கல்ல.

22 பல்லு பிறீவீல் இன்னும் கழட்டல்ல. இஞ்ச சமன் றோட்டுல வெறுங்காத்த மிதிக்கிற மாதிரிக் காலு சுத்துது, காலையில வேலைக்குப் போகக்குள்ள பள்ளிக்கூடப் புள்ளைகள் எல்லாம் என்ன வெட்டிக்கொண்டு போகுதுகள். கல்லடிப் பாலத்து ஏத்தத்தில மட்டும் நான் முன்னுக்கு.