தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது

கேள்வி: சொத்து வரி ஏறினால் நாம் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். தேயிலைக்கு வரியை ஏற்றியதும் அமெரிக்கர்கள் பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ரோஷம் நம் ஊரில் இல்லாமல் போனது ஏன்?
(வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: முதலில் சொத்து வரியை இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைப் போடும் மாநகராட்சிக்கு ஆள் அனுப்ப நமக்கு ஓட்டு உண்டு; 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் பாதிப் பேர்கூட அதைப் போடவில்லை. அமெரிக்கர்களின் புகாரே, வரி போடும் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்ப எங்களுக்கு ஓட்டு இல்லையே என்பதுதான்.

அடுத்தது, அவர்கள் கடலில் கொட்டிய 1773-ல் தேயிலை வரி ஏறவே இல்லை. ராத்தலுக்கு (ஒரு பவுண்டு எடைக்கு) 3 பென்ஸ் என்பது 1767-ல் போட்டது. கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம் எல்லாவற்றுக்குமான வரியை 1770-ல் நீக்கிய லண்டன், வரி போடும் உரிமை தனக்கு உண்டு என்று காட்ட தேயிலையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது. 1773-ல் லண்டன் போட்ட தேயிலைச் சட்டம் செய்த வேலை வேறு. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் ஏலம் விடும். அங்குள்ள வியாபாரி எடுப்பான். அவனிடமிருந்து அமெரிக்க மொத்த வியாபாரி. கைக்குக் கை லாபம். இனி கம்பெனியே நேராகத் தன் ஏஜென்டுகளுக்கு அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய சுங்கமும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். டச்சுக்காரர்களிடமிருந்து வந்த கடத்தல் தேயிலையைவிடவும் விலை இறங்கியது. கம்பெனிக்கு ஏன் இந்தச் சலுகை? லண்டன் கிடங்கில் ஒன்றரைக் கோடி ராத்தலுக்கு மேல் சரக்கு தேங்கிக் கிடந்தது, கழுத்தளவு கடன். (1769-ல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்த செய்தி போனதும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அந்தச் சரிவில் நம் ஊருக்கும் பங்குண்டு.)

விலை குறைந்தும் ஏன் கோபம்? அந்த 3 பென்ஸ் போன இடத்தைப் பாருங்கள். கவர்னர், நீதிபதிகளின் சம்பளத்துக்குப் போனது. அதற்கு முன் சம்பளம் ஒதுக்கியது உள்ளூர்ச் சட்டசபை. கவர்னர் முறுக்கினால் சம்பளத்தை நிறுத்தலாம். அந்தக் கடிவாளத்தை மக்கள் குடிக்கும் தேநீரின் காசிலேயே அறுத்தார்கள். ஏஜென்டு பட்டியலில் இல்லாத வியாபாரிகளுக்கும் கடத்தல்காரர்களுக்கும் பிழைப்புப் போன எரிச்சல் தனி. அதை மறைத்து எல்லாரையும் தியாகிகளாக்க வேண்டியதில்லை.

கடலில் கொட்டியதும் திடீர் ஆவேசம் அல்ல, கணக்கு. துறைமுகத்துக்குள் வந்த கப்பல் சுங்கம் கட்டாமல் திரும்பிப் போக அனுமதி இல்லை. 20 நாளுக்குள் கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். முதல் கப்பலான 'டார்ட்மவுத்' பாஸ்டனுக்கு வந்தது நவம்பர் 28. கெடு முடிய ஒரு ராத்திரி இருக்கும்போது, டிசம்பர் 16 அன்று, மூன்று கப்பல்களிலும் இருந்த 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்தார்கள். 90,000 ராத்தலுக்கு மேல், எல்லாம் சீனத் தேயிலை. கடல் வற்றியிருந்த நேரம். கொட்டியது கரையாமல் கப்பலோரம் வைக்கோல் போர் போலக் குவிய, இறங்கித் தள்ளிவிட வேண்டியிருந்தது. இன்னொரு துறைமுகமான சார்ல்ஸ்டனில் கெடு கடந்துவிட்டது; அங்கே சரக்கைப் பறிமுதல் செய்து நிலவறையில் பூட்டினார்கள். பின்னால் புரட்சிக்காரர்களே அதை எடுத்து விற்றுப் போர்ச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இனி நம் ஊர் ரோஷம். பாஸ்டன்காரனுக்குப் பணத்தை மறுக்க ஒரு சபையாவது இருந்தது. குடியானவனிடமே அரசு நேராக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நம் ஆளுக்கு என்ன இருந்தது? கிஸ்தி, அதாவது நிலவரி, கட்டத் தவறினால் கிட்டி வந்தது: இரண்டு கோல்களுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. அல்லது அண்ணாந்தாள்: கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது. கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னைவாசிகள் சங்கம் 1852-லேயே இதையெல்லாம் எழுதி லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. விசாரணைக் கமிஷன் போட வேண்டி வந்தது. வரி வசூலில் சித்திரவதை நடப்பது உண்மை என்று 1855-ல் அந்தக் கமிஷனே எழுதிக் கொடுத்தது. பல மாவட்டங்களிலிருந்து அதன் முன் வந்து சாட்சி சொன்னவர்களை ரோஷம் இல்லாதவர்கள் என்கிறீர்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் சிலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சட்டம் போடும் முழு உரிமை தனக்கு உண்டு என்று 1766-ல் பாராளுமன்றம் அறிவித்தபோது பிரபுக்கள் சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஐவரில் அவர் ஒருவர். அதே உரிமைக்காகப் படை நடத்தி 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்தவரும் அவர்தான். பிறகு நம் பக்கம் வந்து, 1792-ல் திப்புவிடம் போர்ச் செலவு என்று 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கேட்டார். திப்பு தன் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சிதான் அந்தப் பீடத்தில் செதுக்கியிருப்பது.