பிள்ளைகள் கையில் கல்லாப்பெட்டியைக் கொடுக்கலாமா?

பள்ளியில் கடை நடத்தினால் படிப்பு கெடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடாது, கணக்கு நன்றாகவே வரும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கடலை உருண்டை செய்து விற்றார்கள். கடலை 130 ரூபாய், 50 உருண்டை, ஒன்று 5 ரூபாய், லாபம் 120 என்று நோட்டில் இருந்தது. வெல்லம்? ஒருத்தியின் பாட்டி கொடுத்தது. அதற்கு 40, கேஸுக்கு 20 போட்டதும் லாபம் பாதியானது. "அப்ப பாட்டி காசுலயா வித்தோம்?" என்றாள் அந்தப் பிள்ளை. இந்தக் கேள்விக்காகத்தான் கடையே.

1937-இல் காந்தி வார்தாவில் முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியும், வளரிளம் பருவத்தினருக்கு இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி சொன்ன பண்ணையும் கடையும் இந்த வழிதான்.

பணத்தை மட்டும் ஆசிரியர் வைத்துக்கொள்ள வேண்டாம். 10 வயதைத் தாண்டியவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிசெய்துவிட்டது. லாபத்தைப் பிரிப்பதையும் அவர்களே பேசி முடிக்கட்டும்.