விக்லோ வழியில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்து மலைநடை பற்றிய உங்கள் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். டப்ளினில் வேலை பார்க்கிறேன். சமதரையில் 25 கிலோமீட்டர் சிரமமில்லாமல் நடப்பேன். அக்டோபர் நடுவில் நானும் நண்பரும் ‘விக்லோ வே’ பாதையில் நாக்ரீ விடுதியில் தொடங்கி ரவுண்ட்வுட் வரை ஒரே நாளில் நடக்க நினைக்கிறோம். போன வசந்தத்தில் இதே பாதையில் பாதியில் திரும்பிவிட்டோம். மழைகூடப் பலமாக இல்லை, ஆனால் நண்பருக்கு நடுக்கம் நிற்கவே இல்லை. மலையோ 700 மீட்டர்தான், கொடைக்கானல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்கே தவறினோம்? எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? பூட்ஸ் அவசியமா? புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

ர., டப்ளின்

அன்புள்ள ர.,

உயரத்தை வைத்து விக்லோவை அளக்காதீர்கள். அங்கே ஒரு நாளின் கடினத்தை முடிவு செய்பவை ஈரமும் வெளிச்சமும்தான். டிஜௌஸ் மலை 725 மீட்டர். உங்கள் பாதை உச்சிக்கு ஏறாமல் அதன் தோளைச் சுற்றிக்கொண்டு 630 மீட்டர் உயரமுள்ள வைட் ஹில்லுக்குப் போகிறது. விக்லோ வே முழுவதிலும் அதுதான் மிக உயர்ந்த இடம். ஆனால் காட்டைத் தாண்டியதும் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று தடையில்லாமல் அடிக்கும். துணி நனைந்திருந்தால் அந்தக் காற்று உடம்புச் சூட்டை மளமளவென்று உறிஞ்சிவிடும். இதற்குத் தூறலே போதும்.

நண்பர் என்ன உடுத்தியிருந்தார் என்று எழுதவில்லை. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் என்று ஊகிக்கிறேன். பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. உடலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை. இந்தக் கால்சட்டையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், தொடை நனைந்தே குளிர்ந்து போகிறார்கள். இன்னொரு தவறு, விடுதி வாசலிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஏறுவது. அரை மணியில் வியர்வை உள்ளிருந்தே நனைத்துவிடும். லேசாகக் குளிர்கிற நிலையில் கிளம்புங்கள். காட்டின் விளிம்பில், காற்றில் இறங்குவதற்கு முன்பே கோட்டைப் போடுங்கள். நின்றால் உடனே ஃப்ளீஸ். குளிர்ந்த பிறகு போட்டால் பாதிப் பலன்தான். மாற்று உடுப்பைப் பெரிய குப்பைப் பையில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். பையின் மேலுறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், கூடவே ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். உங்கள் தூரம் 18 முதல் 20 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தமாக 650 மீட்டர் போல. விதிப்படி ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆனால் நைஸ்மித் கணக்கில் ஓய்வும் சேறும் இல்லை. ஏழு மணி நேரம் வையுங்கள். அக்டோபர் நடுவில் டப்ளினில் சூரியன் மாலை ஆறரை வாக்கில் மறையும். மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் அது ஐந்து மணிக்கு வந்துவிடும். காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். தலைவிளக்கு இருவருக்கும் தனித்தனியாக வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தை நம்ப வேண்டாம், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

கிரோன் காட்டின் ஏற்றத்தில் 121 மீட்டர் உயரமுள்ள பவர்ஸ்கோர்ட் அருவி பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் தெரியும். பிறகு டார்கிள் ஆற்றுக்கு இறங்கி, நடைபாலம் தாண்டி மறுபடி ஏற்றம். நாளின் கடினமான பகுதி இதுதான். வேகத்தைக் குறையுங்கள், பேசிக்கொண்டே ஏற முடிகிற அளவுக்கு.

மேலே டிஜௌஸ் உச்சிக்கு ஒரு கிளை பிரியும். மூடுபனியில் தடுமாறுகிற இடம் இதுதான். வைட் ஹில் அங்கிருந்து தெற்கும் தென்மேற்குமாக இருக்கிறது. திசைகாட்டியைப் பார்த்தால் நீங்கள் நடப்பது வடக்கு நோக்கி என்று தெரிந்து, பாதையும் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் உச்சிக்குப் போகிறீர்கள். மஞ்சள் நிற நடைமனிதன் குறியிட்ட கறுப்புக் கம்பங்கள் வழி நெடுக உண்டு, ஆனால் மூடுபனியில் அடுத்த கம்பம் தெரியாது. 1:50,000 அளவில் டிஸ்கவரி வரிசையின் 56ஆம் எண் வரைபடத்தை நீர்புகா உறையில் கழுத்தில் தொங்கவிடுங்கள்.

வைட் ஹில்லில் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைப் போட்டு நடைபலகை அமைத்திருக்கிறார்கள். ஈரக் கட்டை பயங்கரமாக வழுக்கும். பிடிப்புக்காக அடித்த கம்பி தேய்ந்துபோன இடங்களில் குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வையுங்கள். வழுக்குகிறதே என்று பலகையை விட்டு ஓரத்தில் நடக்காதீர்கள். அடியில் இருப்பது பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த பீட், அதாவது ஈரத்தில் முழுதாக மக்காத செடிகளாலான மண். கால் பட்டுப் புல் போனால் மழை அதை அரித்துக்கொண்டு போகும், திரும்ப வளராது. அந்தப் பலகையே இதைக் காக்கத்தான். பலகை இல்லாத சதுப்பில் செடிகளைப் பாருங்கள்: பளிச்சென்ற பச்சையில் ஸ்பேக்னம் பாசி படர்ந்திருந்தால் கீழே தண்ணீர், கால் முழங்கால்வரை இறங்கலாம். ஹெதர் புதர் இருக்கும் இடம் ஓரளவு கெட்டி.

ஆகவே பூட்ஸ் அவசியம்தான். கணுக்காலை மூடி, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ளது. புதிதாக வாங்கினால் ஊருக்குள் இரண்டு வாரமாவது போட்டுப் பழகுங்கள். இறக்கத்துக்கு முன் நாடாவைக் கணுக்காலருகே இறுக்குங்கள். இல்லையென்றால் விரல்கள் முன்னால் மோதி நகம் கறுக்கும்.

புளிசாதம் நல்ல உணவுதான், ஆனால் இந்தப் பாதைக்கு வேண்டாம். டப்பாவைத் திறக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும், உட்கார வேண்டும், அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். சப்பாத்திச் சுருள், பேரீச்சை, கடலைமிட்டாய் என்று நின்றபடியே கடிக்கக்கூடியதை முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். ஃபிளாஸ்க்கில் சர்க்கரை போட்ட டீ. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் கடை இல்லை, ஓடைகளுக்கு மேலே ஆடுகள் மேய்வதால் அந்த நீரையும் நம்ப முடியாது.

நடுக்கம் வந்தால் உடனே காற்றிலிருந்து ஒதுங்கி, ஈரத்தைக் களைந்து, உலர்ந்ததைப் போட்டு, இனிப்பு கொடுங்கள். பேச்சு குழறினாலோ, சூடேறாமலே நடுக்கம் நின்றாலோ அது ஆபத்து. 112 அல்லது 999ஐ அழைத்து ‘மவுண்டன் ரெஸ்க்யூ’ என்று கேளுங்கள். மது கொடுக்கக் கூடாது, கைகால்களைத் தேய்க்கவும் கூடாது.

ஜே.பி. மலோன் நினைவுக் கல்லருகே லாஃப் டே ஏரி கீழே விரிந்திருக்கும். இந்தப் பாதையை முன்மொழிந்து, 1980இல் அதன் முதல் பகுதி திறக்கக் காரணமானவர் அவர். சற்று இறங்கினால் சாலி கேப் சாலை. மதியம் இரண்டைத் தாண்டியும் அங்கு வந்து சேரவில்லை என்றாலோ, இருவரில் ஒருவர் நனைந்துபோயிருந்தாலோ நடையை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் பேருந்து ஓடாது. டாக்ஸி எண் ஒன்றை முன்பே குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு பாலினஸ்டோ காடு. பீட் மண்ணில் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு வேர் ஆழமில்லை, புயலுக்குப் பின் பாதையில் சாய்ந்து கிடக்கும். மரம் வெட்டும் எச்சரிக்கைப் பலகை இருந்தால் மாற்றுவழியிலேயே போங்கள்.

ரவுண்ட்வுட் ஊர் பாதையை விட்டு விலகியிருக்கிறது. கடைசித் தூரம் தார்ச்சாலை. டப்ளின் திரும்பும் செயின்ட் கெவின்ஸ் பேருந்து அவ்வழியே வரும், ஆனால் ஒரு நாளில் சில நடைகள் மட்டுமே. கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரத்தைத் தீர்மானியுங்கள்.